சிம்பா எம்1ஐ வாங்கினால் 10 வெள்ளி பிளான் தங்குமா?

#1 தெம்பனிஸ்வாசி · 11 ஆகஸ்ட் 2025, இரவு 9:12

செய்தி பார்த்திருப்பீர்கள். எம்1இன் தொலைத்தொடர்புப் பிரிவை அதன் பெரும்பங்குக்காரரான கெப்பல், 10 வெள்ளி பிளான் விற்கும் சிம்பாவுக்கு விற்கிறது. விலை 1.43 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஎம்டிஏ சம்மதித்தால் சிங்கப்பூரில் நாலு கம்பெனி மூன்றாகும்: சிங்டெல், ஸ்டார்ஹப், அப்புறம் இந்த சிம்பா–எம்1 கூட்டு.

எங்கள் வீட்டில் 4 லைன். எனக்கு, மனைவிக்கு, பாலிடெக்னிக் படிக்கும் மகளுக்கு, அம்மாவுக்கு. 2015 வாக்கில் நாலுக்கும் சேர்த்து மாதம் 170 வெள்ளிக்குக் குறையாமல் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் 2 வருட ஒப்பந்தம், நடுவில் விட்டால் அபராதம். இன்றைக்கு நாலு லைனும் சேர்த்து 50ஐத் தாண்டுவதில்லை, ஒப்பந்தமும் கிடையாது. கடையில் கோப்பிகூட ஏறிவிட்டது, ஃபோன் பில் மட்டும் இறங்கியிருக்கிறது. இது தங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை · 11 ஆகஸ்ட், இரவு 9:50

தங்காது. தங்கவும் கூடாது என்பேன். திட்டாதீர்கள், கணக்கைக் கேளுங்கள்.

தீவின் பரப்பு 735 சதுர கிலோமீட்டர். ஆட்கள் 60 லட்சம் சொச்சம். 100 பேருக்கு 150க்கு மேல் மொபைல் லைன் இருக்கிறது. புது வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? பிரசவ வார்டிலிருந்துதான். இந்த ஊரில் நாலு பேர் தனித்தனியாக அலைவரிசை வாங்கி விற்கிறார்கள். அது போதாதென்று அவரவரே தங்களுக்கு எதிராக மலிவுக் கடை வேறு திறந்தார்கள். சிங்டெல்லுக்கு கோமோ, ஸ்டார்ஹப்புக்கு கிகா, எம்1க்கு மேக்ஸ். அப்புறம் இவர்களிடம் மொத்தமாக நெட்வொர்க் வாங்கிச் சில்லறையில் விற்கும் சொந்தக் கோபுரம் இல்லாத பிராண்டுகள் ஒரு டஜன். கடை பெருகியது, வாங்குகிற ஆள் பெருகவில்லை.

சிங்டெல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டால், அது உள்ளூர் கம்பெனியே அல்ல என்பேன். ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ், இந்தோனேசியாவில் டெல்கொம்செல், தாய்லாந்தில் ஏஐஎஸ், இந்தியாவில் ஏர்டெல் பங்கு. இந்த மே மாதம் ஏர்டெல்லில் வெறும் 1.2 சதவீதத்தை விற்று 2 பில்லியன் வெள்ளி எடுத்தார்கள். அதையும் எம்1க்குப் போட்ட 1.43 பில்லியனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏர்டெல்லின் ஓரத்தில் கிள்ளிய துண்டு, இங்கே ஒரு முழுக் கம்பெனியைவிடக் கனம்.

#3 பழைய_லைன்மேன் · 11 ஆகஸ்ட், இரவு 11:05

பிள்ளை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

நான் 1979இல் பயிற்சி ஆளாகச் சேர்ந்தபோது கம்பெனி என்றே கிடையாது. அரசாங்க டெலிகாம்ஸ் மட்டும்தான். ஏறினாலும் இறங்கினாலும் அதே ஏணி. 1992 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூர் டெலிகாம் என்று கம்பெனி ஆக்கினார்கள். அடுத்த வருடம் குடிமக்களுக்குச் சலுகை விலையில் பங்கு கொடுத்தார்கள். பல வீடுகளில் பெரியவர்கள் இன்னும் அதை விற்காமல் வைத்திருக்கிறார்கள். என் வீட்டம்மாவும்தான்.

அப்போதெல்லாம் இடுப்பில் பேஜர். அது கத்தினால் பொதுத் தொலைபேசியைத் தேடி ஓடணும், அங்கே நமக்கு முன்னால் 5 பேர். ஹேண்ட்போன் வைத்திருந்தவன் துரை. அவனும் மணி அடித்தால் உடனே எடுக்கமாட்டான், வருகிற அழைப்புக்கும் அவன்தான் காசு கட்டணும்.

1997 ஏப்ரல் 1, எம்1 வந்தது. 2000 ஏப்ரல் 1, ஸ்டார்ஹப் வந்தது, சந்தையும் முழுசாகத் திறந்தது. 2017இல் 2ஜியை மூடியதும் ஏப்ரல் 1தான். இந்த ஊரில் தொலைபேசி சம்பந்தமான எந்தப் பெரிய காரியத்தையும் முட்டாள்கள் தினத்தில்தான் செய்வார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்சில் இது நிரந்தரச் சிரிப்பு.

ஆனால் கவனியுங்கள். அடிப்படைத் தொலைபேசியில் சிங்டெல்லின் ஏகபோகம் 2007வரை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை 2000க்கு இழுத்துவந்ததற்கு அரசாங்கம் 1.5 பில்லியன் வெள்ளி நஷ்டஈடு கொடுத்தது. போட்டி தானாக முளைக்கவில்லை. கைக்காசு போட்டு நட்டார்கள். நொடிக்கணக்கு பில், இலவச இன்கமிங் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

#4 துவாஸ்_அறந்தாங்கி · 12 ஆகஸ்ட், காலை 6:20

லாரிக்கு நிக்கிறேன், அதனால சுருக்கமா. நீங்க எல்லாம் 4 லைன், 5 லைன்னு பேசுறீங்க. நான் 2008ல வந்தப்ப ஞாயித்துக்கிழமை தேக்காவுல வரிசை, காலிங் கார்டு வாங்க. அட்டையில போட்டிருக்கிற நிமிசம் ஒண்ணு, பேசினா கிடைக்கிற நிமிசம் ஒண்ணு. "அம்மா எப்படியிருக்கே"ன்னு கேட்டு அது பதில் சொல்றதுக்குள்ள அறுந்துடும். இப்ப டார்ம்ல, அதான் தொழிலாளர் விடுதியில, படுத்துக்கிட்டே வீடியோவுல பிள்ளையோட வீட்டுப்பாடம் பாக்குறேன். ஏறினா எங்களுக்குத்தான் முதல்ல வலிக்கும், எங்ககிட்ட வீட்டு வைஃபை கிடையாது, சிம்மே எல்லாம்.

இன்னொண்ணு. சிம்பாவோட தாய்க் கம்பெனி பேரு "துவாஸ்" லிமிடெட்டாம், ஆஸ்திரேலியா பங்குச் சந்தையில இருக்காம். நான் 17 வருசமா துவாஸ்ல கிடக்குறேன், எனக்கு ஒரு பங்கும் தரலையே 😀

#5 திருவான்மியூர்_மணி · 12 ஆகஸ்ட், காலை 10:31

சென்னையிலிருந்து ஒரு எட்டிப் பார்த்தல். இந்தப் படத்தை நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, ஒரு ஜிபி விலை தரையைத் தொட்டது. அதில் ஏர்செல் போனது, இன்னும் பலர் போனார்கள். வோடஃபோனும் ஐடியாவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தனியாரில் மூன்று பேர்தான் மிச்சம் என்று ஆனதும் 2019 டிசம்பரில் ஏற்றம், 2021 நவம்பரில் ஏற்றம். 2024 ஜூலையில் மூன்று பேரும் ஒரே வாரத்தில் ஏற்றினார்கள். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தற்செயல்தான், நம்புவோம்.

பிள்ளை சார் சொன்ன அந்த ஏர்டெல் பங்கின் மதிப்பு ஏறியதில் எங்கள் ரீசார்ஜ் காசும் இருக்கிறது. நாங்கள் கூடுதலாகக் கட்டுகிறோம், நீங்கள் 10 வெள்ளியில் பேசுகிறீர்கள்.

#6 கணக்குப்பிள்ளை · 12 ஆகஸ்ட், பகல் 12:15

மணி, ஒரு வித்தியாசம். உங்கள் ஊரில் விலையை உடைத்தவருக்குப் பின்னால் எண்ணெய்ப் பணம் இருந்தது. இங்கே உடைத்தவர் சின்ன ஆள். டிபிஜி என்ற பெயரில் 2016 டிசம்பரில் நாலாவது உரிமத்தை 105 மில்லியனுக்கு ஏலம் எடுத்தார்கள். ஏலத்தில் எதிரே நின்றது மைரிபப்ளிக் என்ற இன்டர்நெட் கம்பெனி. 2018 கடைசியிலிருந்து ஒரு வருடத்துக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசம் என்று ஆட்களைச் சேர்த்து நெட்வொர்க்கைச் சோதித்தார்கள். 2020 மார்ச்சில்தான் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள், 10 வெள்ளிக்கு 50 ஜிபி. 2022இல் சிம்பா என்று பெயர் மாற்றம். இப்போது அந்தச் சின்ன ஆள் தன்னைவிடப் பெரிய கடையை விழுங்குகிறார்.

#7 தெம்பனிஸ்வாசி · 12 ஆகஸ்ட், பகல் 12:40

//அந்தச் சின்ன ஆள் தன்னைவிடப் பெரிய கடையை விழுங்குகிறார்//

எனக்கு உறுத்துவதே இதுதான். விலையை உடைத்துக்கொண்டிருந்தவரே இனி பெரிய கடைக்காரர். 1.43 பில்லியன் போட்டவருக்கு அதைத் திருப்பி எடுக்கவேண்டாமா? அப்புறம் யார் உடைப்பது?

#8 ஈசூன்_அக்கா · 12 ஆகஸ்ட், மாலை 7:02

சொந்தக் கோபுரம் இல்லாத பிராண்டுகள் இருக்கின்றனவே தம்பி, அவர்கள் உடைக்கட்டும். சர்க்கிள்ஸ் லைஃப் 2016இல் எம்1 நெட்வொர்க்கில் ஏறிக்கொண்டுதான் வந்தது. ஒப்பந்தம் இல்லாத பிளானை நான் முதலில் எடுத்தது அவர்களிடம்தான். அதன் பிறகுதான் பெரியவர்கள் மூவரும் கோமோ, கிகா என்று இறங்கி வந்தார்கள்.

எனக்கு விலையைவிட வேறு விஷயம் கவலை. எங்கள் அம்மாவிடம் பட்டன் ஃபோன். போன வருடம் ஜூலை கடைசியிலிருந்து 3ஜியை மூடினார்கள் அல்லவா, அதற்கு முன்பே கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "இந்த ஃபோன் 4ஜியில் குரல் அழைப்பு எடுக்காது, மாற்றணும்" என்றார்கள். 82 வயசு. புதுசில் பச்சை பட்டன் எங்கே என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். 10 ஜிகாபிட் ஃபைபர் வருகிறதாம், அரசாங்கம் 100 மில்லியன் வரைக்கும் ஒதுக்கியிருக்கிறதாம். வரட்டும். எங்கள் வீட்டில் அதை வைத்துச் செய்யப்போவது அதே தொடர் நாடகம்.

#9 பழைய_லைன்மேன் · 12 ஆகஸ்ட், இரவு 10:18

ஃபைபர் என்று வாயைத் திறந்தீர்கள், இனி என்னை நிறுத்தமுடியாது.

வீட்டு இன்டர்நெட்டும் மொபைலும் ஒரே சந்தை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. வீட்டு இன்டர்நெட்டில் குழாய் வேறு, தண்ணீர் விற்பவன் வேறு. 2009 வாக்கில் ஓப்பன்நெட் என்ற கம்பெனி வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பிளாக் பிளாக்காக ஃபைபர் இழுத்தபோது அரசாங்கம் 750 மில்லியன் வரை மானியம் கொடுத்தது. கூடவே நிபந்தனை: குழாய்க்காரன் நேரடியாக வீட்டுக்காரருக்கு விற்கக்கூடாது, யார் கேட்டாலும் ஒரே விலைக்குக் கொடுக்கணும். பின்னால் அது நெட்லிங்க் கைக்கு வந்தது. நெட்லிங்க் யார்? சிங்டெல்லின் பிள்ளை. "2018 ஏப்ரலுக்குள் உன் பங்கை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கு" என்றார்கள். 2017 ஜூலையில் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

இன்றைக்கு உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டிக்கு மாதம் 13.50 வெள்ளி நெட்லிங்குக்குப் போகிறது. நீங்கள் எந்தக் கம்பெனி பிளான் எடுத்தாலும் அதே 13.50. அதை நிர்ணயிப்பது ஐஎம்டிஏ. அதனால்தான் நேற்று ஆரம்பித்த கம்பெனியும் சிங்டெல்லோடு சண்டை போட முடிகிறது. யாரும் தெருவைத் தோண்டவேண்டியதில்லை.

மொபைலில் இந்தப் பிரிவினை கிடையாது. கோபுரம் வைத்திருப்பவனே கடையும் வைத்திருக்கிறான். அக்கா சொன்ன, சொந்தக் கோபுரம் இல்லாத பிராண்டு அவன் கொடுக்கிற மொத்த விலையைத்தான் நம்பியிருக்கிறது. மொத்த விலைக்கு நாலு கதவு தட்டலாம் என்பது மூன்று கதவு ஆகிறது. தெம்பனிஸ் தம்பி, உங்கள் 10 வெள்ளியைத் தேடவேண்டிய இடம் அந்தக் கதவுதான், விளம்பரத்தில் இல்லை.

#10 கணக்குப்பிள்ளை · 12 ஆகஸ்ட், இரவு 10:55

நல்ல விளக்கம் ஐயா. ஆனால் பிரித்து வைத்த ஃபைபரிலும் கடைகள் குறைகின்றனவே? மைரிபப்ளிக்கின் பிராட்பேண்ட் வியாபாரத்தில் பாதிக்குமேல் ஸ்டார்ஹப் முன்பே வாங்கியது. மிச்சத்தையும் இந்த மாதம் எடுத்துக்கொண்டது. குழாய் பொதுவாக இருந்தும் கடை நடத்த முடியவில்லை. 30 வெள்ளிச் சொச்சம் பிளானில் 13.50 குழாய்க்கே போனால், மீதியில் ரவுட்டர், ஆள், விளம்பரம் எல்லாம் எப்படி?

கோபுரத்தையும் இவர்கள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். 5ஜிக்கு ஐஎம்டிஏ நாடு முழுக்க இரண்டு நெட்வொர்க் போதும் என்றது. சிங்டெல் தனியாக, ஸ்டார்ஹப்பும் எம்1ம் ஆன்டினா என்று கூட்டாக. அதாவது பொறியாளர்கள் கணக்கில் இந்தத் தீவுக்கு இரண்டே போதும். நாம் மட்டும் நாலு கேட்கிறோம்.

#11 பழைய_லைன்மேன் · 12 ஆகஸ்ட், இரவு 11:20

இரண்டு போதுமா என்றால் 2013 அக்டோபர் 9 ஞாபகம் வருகிறது. புக்கிட் பாஞ்சாங் எக்ஸ்சேஞ்ச் தீ. கேபிள் அறையில் பராமரிப்பு வேலை, நெருப்பை ஊதும் புளோடார்ச் கையில். உள்ளே எரிந்தது சிங்டெல் கேபிள் மட்டுமா? ஓப்பன்நெட் ஃபைபரும் அங்கேதான். ஸ்டார்ஹப், எம்1 வாடிக்கையாளர் வீட்டிலும் இருட்டு. மேலே மூன்று பெயர்ப்பலகை, கீழே ஒரே குழி. சிங்டெல்லுக்கு 6 மில்லியன் அபராதம் போட்டார்கள். போன அக்டோபர் 8ஆம் தேதி லேண்ட்லைன் கோளாறில் அவசர எண்களான 995, 999க்கே சிலருக்கு லைன் கிடைக்கவில்லை, அதுவும் பட்டப்பகலில்.

அதனால் எத்தனை கம்பெனி என்று மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை வழி என்று எண்ணுங்கள்.

#12 ஈசூன்_அக்கா · 13 ஆகஸ்ட், காலை 8:11

//எத்தனை வழி என்று எண்ணுங்கள்//

ஐயா, மோசடிக்காரன் வருவதற்கும் அவைதானே வழி! 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்தியில் 790 பேர் சிக்கி 13.7 மில்லியன் போனதே. உண்மையான வங்கிச் செய்திகள் வருகிற அதே பெட்டியில் பொய்யும் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் பெயர் போட்டு அனுப்புகிறவர் எல்லோரும் பதியணும், பதியாவிட்டால் "மோசடியாக இருக்கலாம்" என்று முத்திரை விழும் என்று 2023 ஜனவரி கடைசியில் கட்டாயமாக்கினார்கள். போன டிசம்பரிலிருந்து தன் கடமையைச் செய்யாத தொலைத்தொடர்புக் கம்பெனியும் நஷ்டத்தில் பங்கு கொடுக்கவேண்டி வரலாம். இதையெல்லாம் பார்க்க ஆள் வேண்டும், காசு வேண்டும். 10 வெள்ளியில் எத்தனை காசு இதற்குப் போகும்? பிள்ளை தம்பி சொன்னதுபோல் கொஞ்சம் ஏறினால் நான் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

#13 துவாஸ்_அறந்தாங்கி · 13 ஆகஸ்ட், இரவு 9:45

அக்கா, உங்களுக்கு 5 வெள்ளி ஏறினா ஒரு கோப்பி குறையும். எங்க டார்ம்ல ஒரு ரூமுக்கு 12 பேர், கணக்கு வேற. ஆனா இதைச் சொல்ல வரலை.

எங்க பையங்களுக்காக ரெண்டு விசயம் எழுதுறேன், படிக்கிறவங்க யாருக்காவது சொல்லுங்க. ஊருக்குப் போறப்ப சிம்மை எவன்கிட்டயும் குடுத்துட்டுப் போகாதீங்க. 100 வெள்ளி தர்றேன், 200 தர்றேன்னு கேப்பான். உங்க பெர்மிட் நம்பர்ல பதிஞ்ச சிம், அதுல மோசடி நடந்தா உங்களைத்தான் தேடுவாங்க. இந்த வருசம் ஜனவரி 1லேர்ந்து புதுச் சட்டம், 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 3 வருசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

ரெண்டாவது, ஊரு சிம். பேங்க் ஓடிபி ஊரு நம்பருக்குத்தான் வருது, அதனால ரெண்டு ஃபோன். ஒண்ணு சிங்கப்பூர், ஒண்ணு ஓடிபிக்காகவே உசுரோட வச்சிருக்கிற ஊரு சிம். அதுக்கும் ரீசார்ஜ் போடணும், இல்லேன்னா நம்பர் போயிடும். எனக்கு ஒரு தடவை போச்சு. மறந்துட்டேன், நம்பரை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. ஊருக்குப் போய் பேங்க்ல ரெண்டு நாள் உக்காந்துதான் மாத்தினேன். மணி அண்ணே சொன்ன விலையேத்தம் எனக்கு ரெண்டு பக்கமும் அடிக்கும்.

#14 திருவான்மியூர்_மணி · 13 ஆகஸ்ட், இரவு 10:20

அறந்தாங்கி தம்பி, அந்த வீடியோ அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்று தெரியுமா? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலுக்கடியில் 3,200 கிலோமீட்டர் கேபிள், ஐ2ஐ என்று பெயர், 2002இல் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்டது. அப்புறம் டாடா ஒன்று போட்டது. இப்போது இன்னும் பல இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் வீட்டுப்பாடம் வங்காள விரிகுடாவின் அடியில்தான் வருகிறது.

#15 பழைய_லைன்மேன் · 13 ஆகஸ்ட், இரவு 10:42

கடல் கேபிள் கரையேறுகிற இடங்களில் துவாஸும் ஒன்று. அறந்தாங்கி தம்பி, பங்கு தரவில்லை என்றீர்களே, வாசலிலேயே இருக்கிறீர்கள் 😀

#16 தெம்பனிஸ்வாசி · 14 ஆகஸ்ட், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. லைன்மேன் ஐயாவின் "மூன்று கதவு" வாதம் எனக்குப் புரிந்தது. ஐஎம்டிஏ சம்மதிக்கும்போது மொத்த விலைக்கு என்ன நிபந்தனை போடுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விலை ஏறுமுன் 2 வருட ஒப்பந்தத்தில் பூட்டிக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை இருந்தது, விட்டுவிட்டேன். ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதுதான் நம் கையில் உள்ள ஒரே பேரம்.

இன்று அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் வைத்திருக்கும் நம்பர் அப்பாவுடையது. 1998இல் எம்1 கடையில் வரிசையில் நின்று அப்பா வாங்கியது, கடைசியில் இரண்டு எட்டு. 2008இல் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று வந்தபோது வேறு கம்பெனிக்குப் போனார். அப்பா போனபிறகு அம்மா பெயருக்கு மாற்றினோம். நான் அதை இன்னொரு மலிவு பிராண்டுக்குக் கொண்டுபோனேன், போன வருடம் சிம்பாவுக்கு. இந்த விற்பனை நடந்தால் அப்பா நம்பர் சுற்றிவிட்டு எம்1 வீட்டுக்கே திரும்பிப் போகிறது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம்பர் மாறாதில்ல?"

மாறாது என்றேன்.

#17 துவாஸ்_அறந்தாங்கி · 14 ஆகஸ்ட், இரவு 9:15

அண்ணே, பழைய எம்1 ரசீது இருந்தா ஒரு படம் போடுங்க, 98ல சிம் விலை என்னன்னு பாக்கணும்.